ஆராய்ச்சி முடிவுகள் அவசர சிகிச்சைப் பிரிவை எட்டுவது எப்போது?

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி மலைக்குச் செல்லும் சாலையில், நகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், மலையடிவாரத்தில் அமைந்துள்ளது வித்துரா. நெடுமங்காடு வட்டத்தைச் சேர்ந்த இவ்வூராட்சியில் ரப்பர்த் தோட்டங்களும் காடுகளும் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளும் உள்ளன. இங்கு இரண்டு அரசு நிறுவனங்கள் அருகருகே இயங்கி வருகின்றன. ஒன்று, மாநில அரசின் வட்ட மருத்துவமனை. மற்றொன்று, மத்திய அரசால் 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, மருதாமலையில் நிரந்தர வளாகம் கொண்டுள்ள இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்.

உலகின் புதிய ஆராய்ச்சி முடிவுகள் ஒரே ஊரிலுள்ள இவ்விரு நிறுவனங்களையும் ஒரே வேகத்தில் எட்டுகின்றனவா? இவ்வினா வித்துராவுக்கு மட்டும் உரியதன்று. அவசர சிகிச்சையில் நோயாளியின் உயிரைக் காக்கும் முடிவுகளில் பல, முதலில் கொண்டு செல்லப்படும் மருத்துவமனையிலேயே எடுக்கப்படுகின்றன. ஆகவே, அறிவின் விநியோகமும் மருந்தின் விநியோகத்தைப் போன்றே வளர்ச்சித் திட்டத்தின் ஒரு கூறாகிறது.

பாம்புக்கடி தரும் பாடம்

2020ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என மதிப்பிட்டுள்ளது. சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர். இவர்களுள் மிகப் பெரும்பாலோர் கிராமப்புற மக்கள்.

இந்தியாவில் வழங்கப்படும் நச்சு முறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு இனங்களின் நஞ்சைக் கொண்டு தயாரிக்கப்படுவதாகும். ஆனால், மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளிலும் தோட்டங்களிலும் ஐந்தாவது இனம் ஒன்றும் உண்டு. மூக்கு நுனி புடைத்த சிறிய குழிவிரியன் அது. மலையாளத்தில் முழமூக்கன் குழிமண்டலி எனப்படும். இதன் கடி பெருந்தீங்கு விளைவிக்காது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. கடித்த பாம்பு சுருட்டை விரியன் எனத் தவறாக அடையாளம் காணப்பட்டதும் உண்டு. இதன் கடியும் உயிருக்கு ஆபத்தாகலாம் என்பது, கேரளத்தில் சிகிச்சை பெற்ற ஐந்து நோயாளிகளைப் பற்றி 2007ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுக் கட்டுரையால் உறுதிப்பட்டது. இரத்தம் உறையும் தன்மை கெடுவதும் சிறுநீரகம் பழுதடைவதும் இதன் விளைவுகள்; வழக்கமான முறிவு மருந்து இதற்குப் பயன்படவில்லை.

இதனை அறிந்த மருத்துவர், பயன் தராத மருந்தைக் குப்பி குப்பியாகச் செலுத்திக் காலத்தை இழக்கமாட்டார்; சிறுநீரகத்தைக் கண்காணித்து, உரிய நேரத்தில் நோயாளியை டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்புவார். அறியாதவர் விலையுயர்ந்த மருந்தை வீணாக்குவதுடன், அதன் பக்கவிளைவுகளுக்கும் நோயாளியை ஆளாக்க நேரிடும்.

அப்பக்கவிளைவுகளைக் குறைக்கும் வழியும் அண்டை நாட்டில் ஆராயப்பட்டுள்ளது. இலங்கையில் 1,007 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2011ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, முறிவு மருந்துக்கு முன்னர்ச் சிறிதளவு அட்ரினலின் அளித்தபோது, கடுமையான ஒவ்வாமை விளைவுகள் முதல் ஒரு மணி நேரத்தில் 43 விழுக்காடு குறைந்தன. அதே நோக்கத்துடன் வழக்கமாக அளிக்கப்பட்டுவந்த வேறு இரு மருந்துகள் இத்தகைய பயனைத் தரவில்லை.

மலைச்சாலை விபத்துகளுக்கும் இது பொருந்தும். 40 நாடுகளைச் சேர்ந்த 274 மருத்துவமனைகளில், காயமடைந்த 20,211 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2010ஆம் ஆண்டில் வெளிவந்தன. இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் டிரானெக்சாமிக் அமிலம் என்ற பழைய, மலிவான மருந்து இறப்பு விகிதத்தை 16 விழுக்காட்டிலிருந்து 14.5 விழுக்காடாகக் குறைத்தது. மறு ஆண்டில் வெளியான பகுப்பாய்வு மற்றொன்றையும் தெளிவாக்கியது: காயமுற்ற மூன்று மணி நேரத்திற்குள் கொடுத்தால் நன்மை, அதன் பின்னர் கொடுத்தால் தீமையும் நேரலாம். தலைநகரின் பெரிய மருத்துவமனை மட்டும் இதனை அறிந்திருந்தால் போதாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

விலையும் நேரமும்

அறிவு ஒருவர் நுகர்வதால் மற்றவர்க்குக் குறையாத பொதுப்பண்டம் என்பது பொருளியல் கூறும் கருத்து. எனினும், ஆராய்ச்சி இதழ்களில் பல உயர்ந்த சந்தாவுக்கே கிடைக்கின்றன. இத்தடையை நீக்க, ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரையிலான மூன்றாண்டுகளுக்கு ரூ.6,000 கோடி ஒதுக்கப்பட்டு, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் இதில் இடம்பெற்றுள்ளன. மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்காகவும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுக்காகவும் இது வகுக்கப்பட்டது. வரவேற்கத்தக்க முயற்சி இது. ஆயினும், வட்ட மருத்துவமனை உயர்கல்வி நிறுவனமும் அன்று, ஆராய்ச்சி நிறுவனமும் அன்று. எனவே, வித்துராவில் அறிவியல் பயிலும் மாணவருக்குத் திறக்கும் கதவு, அதே ஊரில் இரவுப் பணியிலிருக்கும் மருத்துவருக்குத் திறப்பதில்லை.

சந்தாத் தடை நீங்கினாலும் சிக்கல் முழுவதும் தீராது. மேற்குறித்த இலங்கை ஆய்வு எவரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய இதழிலேயே வெளியானது. தட்டுப்பாடு, நேரத்திலும் உள்ளது. தகவல் பெருகப் பெருகக் கவனம் அரிதாகும் என்பதைப் பொருளியல் அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டினார். மருத்துவர்கள் ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 30 மணி நேரம் தொடர்கல்வியில் பங்கேற்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் தொழில்நெறி விதிமுறைகள் கூறுகின்றன. ஆண்டுக்கு ஆறு மணி நேரம்! வெளியாகும் ஆய்வுகளின் பெருக்கத்திற்கு இது எம்மட்டு?

புதியவை யாவும் ஏற்புடையவை அல்ல

விரைவு மட்டுமே இலக்கு என்று கொள்வதும் பிழையாகும். 2020 மே 22 அன்று, கோவிட் நோய்க்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுப்பது பற்றிப் புகழ்பெற்ற மருத்துவ இதழொன்றில் கட்டுரை வெளிவந்தது. அதன் தரவுகளைச் சரிபார்க்க இயலாததால், ஜூன் 4 அன்றே அது திரும்பப் பெறப்பட்டது. அதே ஜூன் 16 அன்று, முறையான ஒப்பீட்டு ஆய்வொன்றின் முதல் முடிவுகள் அறிவிக்கப்பட்டன: செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகளின் இறப்பை மலிவான டெக்சாமெதசோன் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. நான்கு வாரங்களுக்குள் வந்த இவ்விரு செய்திகளில் ஒன்று மறைந்தது, மற்றொன்று நிலைத்தது. இவற்றைப் பகுத்தறியும் பணியை ஒவ்வொரு மருத்துவரின் தனிமுயற்சிக்கே விட்டுவிடுவது நியாயமன்று. ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுவதற்கென்றே 1993ஆம் ஆண்டில் காக்ரேன் அமைப்பு தோன்றியதன் காரணமும் இதுவே.

செய்யத்தக்கவை

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. முதலாவதாக, சந்தாத் திட்டத்தின் பயனை வட்ட, மாவட்ட மருத்துவமனைகளுக்கும் விரிவாக்கலாம். இரண்டாவதாக, பாம்புக்கடி, விபத்துக் காயம், மாரடைப்பு முதலிய ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்க வழிகாட்டியை மாநில மருத்துவக் குழு தயாரித்து, திருத்திய தேதியுடன் அவசரப் பிரிவுச் சுவரில் இடம்பெறச் செய்யலாம். தேதி பழையதாயின் செவிலியரும் வினவ முடியும். மூன்றாவதாக, 1951ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி போன்றவை, தம்மைச் சூழ்ந்த வட்ட மருத்துவமனைகளுடன் மாதம் ஒருமுறை தொலைவழிக் கலந்துரையாடலை நடத்தலாம். பணி நேரத்திலேயே அது நடைபெறுவது இன்றியமையாதது.

நான்காவதாக, அறிவு மேலிருந்து கீழ்நோக்கி மட்டுமே பாய்தல் கூடாது. குழிவிரியனைப் பற்றிய உண்மை, கேரளத்தில் சிகிச்சை அளித்த மருத்துவர்களின் கூர்ந்த கவனிப்பிலிருந்தே பிறந்தது. பாம்புக்கடி இறப்புகளை 2030ஆம் ஆண்டிற்குள் பாதியாகக் குறைக்கும் தேசியச் செயல்திட்டம் 2024 மார்ச்சில் வெளியிடப்பட்டது. பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்குமாறு அதே ஆண்டு நவம்பரில் மாநிலங்களை மத்திய சுகாதார அமைச்சகம் கேட்டுக்கொண்டது. கடித்த பாம்பின் இனம், கடிபட்ட நேரம், அளித்த மருந்து, விளைவு ஆகியவற்றை வட்ட மருத்துவமனைகள் முறையாகப் பதிவு செய்தால், அப்பதிவேடே நாளைய ஆராய்ச்சிக்கு மூலமாகும்.

மருத்துவமனைக் கட்டடங்களையும் படுக்கைகளையும் எண்ணி முன்னேற்றத்தை அளப்பது நம் வழக்கம். அவ்வளவீட்டுடன் மேலும் ஒன்றைச் சேர்த்தல் வேண்டும்: உறுதிப்பட்ட ஓர் ஆராய்ச்சி முடிவு, வட்ட மருத்துவமனையின் நடைமுறையாவதற்கு எத்தனை ஆண்டுகள் ஆகின்றன? விடியுமுன் ரப்பர் வெட்டச் செல்லும் தொழிலாளியின் உயிர் அந்த ஆண்டுக் கணக்கைப் பொறுத்தும் அமைகிறது. அதனைச் சுருக்குவது திட்டமிடுவோரின் கடமையாகும்.