சாபவிமோசனம் (சிறுகதை)

சாபவிமோசனம் என்பது புதுமைப்பித்தன் எழுதிய சிறுகதையாகும். இது 1943ஆம் ஆண்டு மே மாதம் கலைமகள் இதழில் வெளிவந்தது. இராமாயணத்தில் வரும் அகலிகையின் கதையை இது மறு ஆக்கம் செய்கிறது. சாபம் நீங்கிய பின் அகலிகையும் கௌதமரும் எப்படி வாழ்ந்திருப்பார்கள் என்பதே இதன் பொருள். செய்த பிழைக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டால் அந்தப் பிழை தீர்ந்துவிடுமா என்ற கேள்வியைக் கதை முழுவதும் காணலாம்.

ஆசிரியர்

புதுமைப்பித்தனின் இயற்பெயர் சொ. விருத்தாசலம் (1906 - 1948). திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர், குடும்பம் திருநெல்வேலியைச் சேர்ந்தது. நெல்லை இந்துக் கல்லூரியில் பி.ஏ. படித்தார். பின் சென்னை சென்று இதழ்களில் பணியாற்றினார். கடவுளைச் சென்னைத் தெருவில் இறக்கிவிட்டு, பிராட்வேயில் ஒரு சாதாரண மனிதருடன் காப்பி சாப்பிட வைத்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்ற கதையும் இதே 1943இல் கலைமகளில் வந்ததுதான். அது சிரிக்க வைக்கும் கதை. சாபவிமோசனத்தில் சிரிப்பு இல்லை. அவருடைய படைப்புகள் 2002இல் நாட்டுடைமை ஆக்கப்பட்டன.

பழைய வடிவங்கள்

அகலிகை கதை தமிழகத்துக்கு மிகப் பழையது. திருப்பரங்குன்றத்துக் கோயிலில் இந்திரன் பூனை உருவம் கொண்டதும், கௌதமர் சினந்ததும், அகலிகை கல்லானதும் ஓவியமாகத் தீட்டப்பட்டிருந்ததைப் பரிபாடல் கூறுகிறது. வால்மீகியில் அகலிகை கல்லாவதில்லை. யார் கண்ணுக்கும் தெரியாமல், காற்றை உணவாகக் கொண்டு, சாம்பலில் கிடந்து தவம் செய்கிறாள். கம்பரில் கல்லாகி, இராமனின் காலடித் தூசி பட்டு எழுகிறாள். புதுமைப்பித்தன் கம்பரின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறார்.

தென்மாவட்டங்களில் இக்கதைக்கு இன்னொரு பகுதியும் உண்டு. கௌதமரின் சாபத்திலிருந்து இந்திரன் தூய்மை பெற்ற தலம் சுசீந்திரம் என்பது தல வரலாறு. சாபம் பெற்ற இந்திரனுக்கு ஒரு கோயிலும் ஒரு பரிகாரமும் கிடைத்தன. அகலிகைக்குக் கிடைத்தது என்ன என்று பார்க்க இக்கதை உதவும்.

கதைச் சுருக்கம்

வழியோரத்தில் ஒரு பெண்ணின் கற்சிலை கிடக்கிறது. அதன் அருகில் ஒரு புற்று. அதற்குள் கௌதமர் தவத்தில் இருக்கிறார். விசுவாமித்திரருடன் வரும் இராமனின் காலடித் தூசி பட்டு அகலிகை உயிர் பெறுகிறாள். கௌதமரும் புற்றிலிருந்து வெளிவருகிறார். மனம் அறியாத பாவம் பாவமாகாது என்ற முடிவில் இருவரும் மீண்டும் சேர்கிறார்கள். சங்கரன்கோவிலில் புற்றுமண்ணைப் பிரசாதமாக வாங்கி நெற்றியில் இட்டுப் பழகிய நமக்குப் புற்று என்றால் நோய் தீர்க்கும் இடம். இக்கதையில் புற்று உதிர்ந்த பிறகுதான் கௌதமரின் வேதனையே தொடங்குகிறது.

அவர்கள் சரயு நதிக்கரையில் குடிசை போட்டு வாழ்கிறார்கள். கௌதமர் தாம் அவசரப்பட்டுச் சபித்ததை எண்ணிக் குன்றிப் போகிறார். அவர் இயல்பாகப் பேசும் சொல்லுக்கும் வேறு பொருள் இருக்குமோ என்று அகலிகை அஞ்சுகிறாள். ஆற்றுக்கு வரும் ரிஷிபத்தினிகள் அவளை அடையாளம் கண்டு விலகி ஓடுகிறார்கள். இராமனும் சீதையும் வந்து போகும் நேரத்தில் மட்டும் அவள் மனம் லேசாகிறது. இராமன் காடு சென்றதும் இருவரும் அங்கிருக்க முடியாமல் ஊர் ஊராகச் செல்கிறார்கள். பதினான்கு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வருகிறார்கள்.

வனவாசம் முடிந்து சீதை அகலிகையைப் பார்க்க வருகிறாள். இலங்கையில் பட்ட துன்பத்தைச் சொல்லும்போது, இராமன் கேட்டபடி தீயில் இறங்கியதையும் சொல்கிறாள். அகலிகை அதிர்ந்து போகிறாள். உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா என்று சீதை சிரிக்கிறாள். தன் நெஞ்சுக்குத் தெரிந்தால் போதாதா என்பது அகலிகையின் கேள்வி. தனக்கு ஒரு நீதி, சீதைக்கு ஒரு நீதியா என்ற எண்ணம் அவளை விடுவதில்லை. பின்னர் கௌதமர் அன்புடன் அவளை அணைக்க வரும்போது அவள் கண்ணுக்கு அவர் இந்திரனாகத் தெரிகிறார். அவள் மீண்டும் கல்லாகிறாள். கௌதமர் துறவியாகிக் கயிலையை நோக்கி நடக்கிறார்.

கதையின் பொருள்

இக்கதையில் கொடியவர் என்று எவரும் இல்லை. கௌதமர் தம் தவறை உணர்ந்தவர். இராமன் கருணை உள்ளவன். மகனுக்கு அரசு கேட்டதன் விளைவுகளைக் கண்ட கைகேயிகூட இரக்கத்துக்கு உரியவளாகவே காட்டப்படுகிறாள். எல்லோரும் நல்லவர்களாக இருந்தும் அகலிகைக்கு விடுதலை கிடைக்கவில்லை. இதற்கு மூன்று காரணங்களைக் கதையிலிருந்து காட்டலாம்.

ஒன்று, மன்னிப்பை ஒருவர் கொடுத்துவிடலாம். ஊர் அதை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆற்றங்கரைக் காட்சி இதைச் சொல்கிறது. இரண்டு, மன்னிக்கப்பட்டவரும் மன்னித்தவரும் ஒருவரை ஒருவர் பழையபடி பார்க்க முடிவதில்லை. மூன்று, எந்த நீதியை நம்பி அவள் எழுந்தாளோ அந்த நீதியை அதைத் தந்தவனே தன் மனைவி விஷயத்தில் கைவிட்டான் என்று அறிகிறாள். முதல் இரண்டையும் அவள் தாங்கிக்கொண்டாள். மூன்றாவதைத் தாங்க முடியவில்லை.

இவ்வாறு பார்த்தால் தலைப்புக்கு இரண்டு பொருள் உண்டு. தூசி பட்டு எழுந்தது ஒரு விமோசனம். இறுதியில் கல்லானதும் மனச்சுமை இறங்கிய இன்னொரு விமோசனம் என்று கொள்ள இடமிருக்கிறது.

பிற ஆக்கங்கள்

புதுமைப்பித்தன் இதற்கு முன்பே 'அகல்யை' என்றொரு சிறுகதையும் எழுதியிருக்கிறார். நெல்லைச் சீமையைச் சேர்ந்த வெள்ளக்கால் ப. சுப்பிரமணிய முதலியாரின் 'அகலிகை வெண்பா', ச.து.சு. யோகியாரின் 'அகல்யா' ஆகியவையும் இதே பொருளில் அமைந்தவை. இராமாயணம் அறிந்தவர்களுக்குத் தம் கதை பிடிக்காமல் போகலாம் என்று புதுமைப்பித்தன் கதைக்கு முன்பே குறிப்பு எழுதி வைத்தார். கம்பரின் அகலிகைப் படலத்தை முதலில் படித்துவிட்டு இக்கதையைப் படிப்பவர்களுக்கு அவர் எதை ஏற்றார், எதை மாற்றினார் என்பது எளிதில் விளங்கும்.