உங்கள் வார்த்தையை அரபியில் சொல்லப்போவது யார், தெரியுமா?

தேற்றாத்தீவில் பஸ் ஏறி வடக்கே போனால் காத்தான்குடி, தெற்கே கல்முனை தாண்டினால் ஒலுவில். காத்தான்குடியில் அரபுக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ இஸ்லாமியக் கற்கைகளுக்கும் அரபு மொழிக்கும் என்றே ஒரு பீடம்! அரபு படித்தவர்கள் நமக்கு இவ்வளவு கிட்ட இருக்கிறார்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மொழிபெயர்ப்பு இலங்கைக்குப் புதிதா? 1911இல் காலியில் கிடைத்த கல்வெட்டைப் பாருங்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது. அதில் உள்ள ஆண்டு 1409. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, தமிழில் தேனவரை நாயனார் என்ற தெய்வத்துக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு! இன்றும் கொழும்பு தேசிய நூதனசாலையில் அதைக் காணலாம்.

பிரெஞ்சுக்கு வந்தால், புதுச்சேரி ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர் நம் தமிழர் ஆனந்தரங்கப்பிள்ளை. அவர் 1736இல் தொடங்கிய நாட்குறிப்பு இன்று ஒரு வரலாற்றுப் புதையல்.

ஐ.நா.வின் ஆறு மொழிகளில் அரபு, ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றும் உண்டு. பேச்சோடு பேச்சாக மொழிபெயர்ப்பவர்கள் அங்கே அரை மணி நேரத்துக்குள் ஆள் மாறிவிடுவார்கள். மூளை அவ்வளவு களைத்துவிடுகிறது!

இனிச் சொல்லப்போவது நெஞ்சை அறுக்கும் செய்தி. மூதூர் ரிசானா நபீக்கை மறந்திருக்க மாட்டீர்கள். பணிப்பெண்ணாகச் சவூதி போன பிள்ளை. பொறுப்பில் இருந்த கைக்குழந்தை இறந்ததும் 2005இல் கைதானார். அவருடைய வாக்குமூலத்தை அரபிக்கு மாற்றியவர் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரே அல்லர் என்று சர்வதேச மன்னிப்புச் சபை சுட்டிக்காட்டியது. அந்த ஆள் பிறகு சவூதியை விட்டே போய்விட்டார். வாக்குமூலத்தை ரிசானா பின்னர் மறுத்தார். கடவுச்சீட்டில் பிறந்த ஆண்டு 1982. பிறப்புச் சான்றிதழிலோ 1988. அதன்படி கைதானபோது அவருக்கு வயது பதினேழு. 2013 ஜனவரி 9ஆம் திகதி மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. தமிழும் அரபும் சரியாகத் தெரிந்த ஒருவர் முதல் நாளே பக்கத்தில் இருந்திருந்தால்?

பேச்சுக்கு மட்டுமல்ல, பத்திரங்களுக்கும் சரியான ஆள் வேண்டும். எந்த நாட்டுக்கு யாருடைய மொழிபெயர்ப்புச் செல்லும் தெரியுமா? ஆங்கிலத்துக்கு நம் ஊரிலேயே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். பிரான்சில் ஒவ்வொரு மேல்முறையீட்டு நீதிமன்றமும் மொழிபெயர்ப்பாளர் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. பாரிஸில் இருக்கும் சொந்தக்காரரிடம் அந்தப் பட்டியலில் உள்ளவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். டுபாய் நீதிமன்றத்துக்கு, அந்நாட்டு நீதி அமைச்சின் உரிமம் பெற்றவர் செய்த அரபு மொழிபெயர்ப்பு வேண்டும்.

மொழிபெயர்த்த பத்திரத்தை வாங்கியதும் மொழிபெயர்ப்பாளரின் முத்திரையைப் பாருங்கள்: பெயர், பதிவு விபரம், எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு என்பதெல்லாம் தெளிவாக இருக்கிறதா? தகப்பன் பெயரைக் கடவுச்சீட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஓரெழுத்துப் பிசகினாலும் அங்கேயே திருத்தி வாங்குங்கள். வெளிநாடு போகும் பிள்ளைக்கு இதையும் சொல்லி அனுப்புங்கள்: பொலிஸில் விளங்காத கடதாசியை நீட்டினால், தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேள், தூதரகத்துக்கு அறிவி, அதுவரை கையெழுத்து வைக்காதே.