கட்லெட்டின் ஜப்பானியத் தம்பி

ரயில் வண்டியில் கட்லெட் உண்ணாத மாணவர் நம் சங்கத்தில் இருக்க முடியாது. ஊருக்கும் கல்லூரிக்கும் இடையே இரவுகளை வண்டியிலேயே கழிப்பவர்கள் அல்லவா நாம்? உருளைக்கிழங்கை மசித்துத் தட்டி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த அந்தப் பண்டத்துக்கு ஜப்பானில் ஓர் உடன்பிறப்பு உண்டு. அதன் பெயர் டொன்கட்சு. ‘டொன்’ என்றால் பன்றி. ‘கட்சு’ என்பது ‘கட்சுரெட்சு’ என்பதன் குறுக்கம். கட்சுரெட்சு என்பதோ, கட்லெட் என்னும் ஆங்கிலச் சொல் ஜப்பானியர் நாவில் புரண்டு எழுந்த வடிவமே!

ஜப்பானில் இறைச்சி உண்ணும் வழக்கம் நெடுங்காலம் ஒடுங்கியிருந்தது. கி.பி. 675இல் டென்மு மன்னர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றை உண்ணலாகாது என்று ஆணையிட்டார். 1872இல் மெய்ஜி மன்னர் இறைச்சி உண்டார் என்ற செய்தி நாடறிய வெளியாயிற்று. பின்னர் மேல்நாட்டு உணவகங்கள் பெருகின. டோக்கியோவில் கின்சா பகுதியில் 1895இல் தொடங்கிய ரெங்காட்டே என்னும் உணவகம், 1899இல் பன்றிக் கட்லெட்டைப் பரிமாறியது என்பர். மேல்நாட்டார் சிறிது வெண்ணெயில் வாட்டி எடுத்ததை, அங்கே டெம்புரா பொரிப்பதுபோல் நிறைய எண்ணெயில் மிதக்கவிட்டார்கள். டொன்கட்சுவின் பிறப்பு இதுதான்.

மாணவராகிய நமக்கு இதில் இன்னொரு செய்தியும் உண்டு. ஜப்பானிய மொழியில் ‘கட்சு’ என்னும் ஒலிக்கு ‘வெல்’ என்றும் பொருள். ஆகவே தேர்வுக்கு முதல்நாள் மாணவர்கள் இதை உண்பது அங்கே வழக்கம்.

இதைப் படித்ததும் எனக்கு ஆசை பிறந்தது. சென்ற ஆண்டு என் அறைத்தோழர் ஒருவர் ஆராய்ச்சி உதவித்தொகைத் தேர்வு எழுத இருந்தார். முதல்நாள் இரவு அவருக்கு டொன்கட்சு பொரித்தேன். பொரித்தேன் என்பதைவிட, எண்ணெயில் குளிப்பாட்டினேன் என்பதே பொருந்தும். மேலே ஒட்டிய தூள் காலுறைபோல் கழன்று விழுந்தது. எஞ்சியது எண்ணெயைக் குடித்துக் கனத்தது. நடுவில் இறைச்சி வேகவே இல்லை. தோழர் அவித்த முட்டையோடு படுக்கச் சென்றார். அவ்வாண்டு அவர் தேறவில்லை. பழியை என் கட்சுவின் மேல் போட்டுவிட்டார்! பௌதிகம் படிக்கும் எனக்கு இது இரட்டை அவமானம். பிழை எங்கே என்று ஆராய்ந்தேன். கண்டதைச் சொல்கிறேன்.

எலும்பில்லாத முதுகு இறைச்சி வேண்டும். ஜப்பானியர் இரண்டு சென்டிமீட்டர் கனம்கூட வைப்பர். முதல்முறை செய்பவர் ஒரு சென்டிமீட்டருக்குத் தட்டிக்கொள்வது நலம். கொழுப்பும் சதையும் சேரும் இடத்தில் வெண்மையான சவ்வு ஒன்று ஓடும். சூட்டில் அது சுருங்கி இறைச்சியை வளைத்துவிடும். ஆதலால் கத்தி முனையால் அதை நாலைந்து இடங்களில் வெட்டிவிடவேண்டும். பிறகு உப்பும் மிளகுத்தூளும் தூவுக.

இனி மேலாடை. அது மூன்று அடுக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. முதலில் மைதா. இறைச்சியின் மேலுள்ள ஈரத்தை அது உறிஞ்சி, முட்டை பற்றிக்கொள்ள இடம் தருகிறது. நான் இறைச்சியைத் துடைக்காமல் மாவைக் கட்டியாக அப்பினேன். மேலாடை கழன்றது அதனால்தான். மெல்லியதாகத் தூவி, மிகுந்ததைத் தட்டிவிடுக. அடுத்து அடித்த முட்டை. சூடுபட்டதும் அதன் புரதம் இறுகிப் பசைபோல் பிடித்துக்கொள்கிறது. கடைசியில் ரொட்டித்தூள். ஜப்பானியர் இதைப் பாங்கோ என்பர். ‘பான்’ போர்த்துக்கீசியர் கொடுத்த சொல். மராட்டியர் உண்ணும் பாவும் யாழ்ப்பாணத்தார் உண்ணும் பாணும் அதே வழியில் வந்தவை. தூள் நைஸாக இருத்தல் கூடாது. ரொட்டியின் ஓரத்தை நீக்கி, சிறிது உலரவிட்டுக் கையால் உதிர்த்தால் பூப்பூவாக வரும். அப்பூக்களுக்கு இடையிலுள்ள வெளிதான் மொறுமொறுப்பின் இரகசியம்.

எண்ணெய் 170 டிகிரி செல்சியஸில் இருக்கவேண்டும். வெப்பமானி இல்லையேல் ஒரு துளி ரொட்டித்தூளை இடுக. அது சற்றே அமிழ்ந்து, உடனே நுரைத்து மேலெழுந்தால் பதம் சரி. இறைச்சியை இட்டதும் சலசலவென்று குமிழி எழுகிறதே, அது எண்ணெய் கொதிப்பதன்று. மேலாடையிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறுகிறது. வெளியே பாயும் அந்த ஆவியே எண்ணெயை உள்ளே வரவிடாமல் தடுக்கிறது. எண்ணெய் போதிய சூடில்லையேல் ஆவிக்கு வலுவில்லை. எண்ணெய் உள்ளே புகும். நான் மூன்று துண்டுகளை ஒன்றாகப் போட்டு எண்ணெயைக் குளிரவைத்தேன். ஒவ்வொன்றாகப் போடுவதே முறை. பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். குமிழி அடங்கி, நிறம் பொன்னானதும் எடுத்துவிடுக.

எடுத்தவுடன் தட்டில் வைக்காதீர்கள். அடிப்புறம் வியர்த்து நமுத்துப்போகும். சல்லடையைக் கவிழ்த்து அதன்மேல் மூன்று நான்கு நிமிடம் வையுங்கள். வெளிச்சூடு நடுவுக்குச் சென்று, வேகாத குறையும் அப்போது தீர்கிறது.

பன்றி என்றதும் நாடாப்புழுவை எண்ணி அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. ஆனால் நடுப்பகுதி 71 டிகிரி சூட்டை எட்டினால் புழுவின் இளம்புழுப் பைகள் இறந்துவிடும். நிறத்தை மட்டும் நம்பலாகாது. இறைச்சி வெப்பமானி இருந்தால் குத்திப் பாருங்கள். பச்சை இறைச்சி தொட்ட கையையும் பலகையையும் கழுவிய பின்னரே கோஸை அரியவேண்டும்.

ஆம், கோஸ்! மயிரிழையாக அரிந்து குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் விறைத்து நிற்கும். வெந்த சோறும் கடுகு விழுதும் புளிப்பும் இனிப்புமான ஒரு குழம்பும் துணை. தக்காளி ஸாஸில் சிறிது சோயாவும் சர்க்கரையும் கலந்தால் நம் அறைக்கு அது போதும்.

எங்கள் அறையில் மூன்றாமவர் பன்றி உண்பதில்லை. ஆகையால் அவருக்குத் தனி வாணலி, தனி எண்ணெய், அதில் கோழி. முறை ஒன்றே, சுவையிலும் குறைவில்லை. உடன் வாழ்வோர் மனம் நோகாமல் சமைப்பதும் சமையலில் ஒரு பகுதிதானே?

என் தோழர் இவ்வாண்டு மீண்டும் தேர்வு எழுதுகிறார். முதல்நாள் இரவு டொன்கட்சு உண்டு என்று சொல்லிவிட்டேன். இம்முறை மேலாடை கழலாது. அதற்கு நான் பொறுப்பு. தேர்ச்சிக்கு அவரே பொறுப்பு!