கணனி இரைகிறதா? காரணத்தைக் கேளுங்கள்

"மிஸ், பெட்டிக்குள்ள பெரிசா இரையுது. பிள்ளைக்குப் படிக்க ஏலாம இருக்கு. சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுத் தாங்க."

மட்டக்களப்பு மாவட்டத்தின் கரையோரக் கிராமமொன்றில் வசிக்கும் அக்கா ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். கணவரை இழந்த அவர், பழைய கணனி ஒன்றையும் பிரிண்டர் ஒன்றையும் வைத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறார். விண்ணப்பக் கடிதங்கள், ரியூஷன் வகுப்பு வினாத்தாள்கள், அழைப்பிதழ்கள் என்று அயலவர் கொண்டுவரும் வேலைதான் அந்த வீட்டின் வருமானம்.

நான் சமூகவியல் படித்தவள். கணனியைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அலுவலகத் தேவைக்காகப் பயின்ற இரண்டு நாள் பயிற்சி மட்டுமே. அந்த அரைகுறை அறிவோடு, கணனி தொடங்கும்போது வரும் பயோஸ் திரையைத் திறந்து விசிறியின் வேகத்தைக் குறைத்து வைத்தேன். சத்தம் அடங்கியது. அக்கா மகிழ்ந்தார். நானும் பெருமையோடு தேநீர் குடித்துவிட்டு வந்தேன்.

இரண்டு கிழமை கழித்துத் தொலைபேசி வந்தது. வினாத்தாள் அடித்துக்கொண்டிருக்கும்போதே கணனி திடீர் திடீரென்று நின்றுபோகிறதாம். திருத்துநர் ஒருவரிடம் காட்டியபோது "மதர்போட் போய்விட்டது, 45,000 ரூபா வேண்டும்" என்றாராம். 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்து, இறக்குமதிப் பொருட்களின் விலை ஏறியதை நாம் அறிவோம். புதுக் கணனி அவருக்கு எட்டாக் கனி. காதில் கிடந்த தோட்டை அடகு வைக்கப் போவதாக அக்கா சொன்னபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் கணனியில் கடைசியாகக் கைவைத்தவள் நானல்லவா?

விசிறிக்கு அங்கே என்ன வேலை?

கணனியின் மூளை எனப்படும் புரொசெசர், தான் எடுக்கும் மின்சாரம் முழுவதையும் வெப்பமாக வெளிவிடுகிறது. சாதாரண மேசைக் கணனிகள் பலவற்றில் இது கடும் வேலையின்போது 65 வாற் அளவுக்குப் போகும். பழைய 60 வாற் மின்குமிழ் எரியும்போது அதைத் தொட முடியாதல்லவா? அந்தளவு வெப்பம் ஒரு தீப்பெட்டியை விடச் சிறிய இடத்தில் உண்டாகிறது.

இதை அகற்றுவதற்காகப் புரொசெசரின் மேல் மெல்லிய அலுமினியத் தகடுகள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். வெப்பம் தகடுகளுக்கு ஏறும். விசிறி அவற்றினூடாகக் காற்றைத் தள்ளி வெப்பத்தை வெளியேற்றும். விசிறி குளிரை உண்டாக்குவதில்லை. அறையின் காற்றைத்தான் தள்ளுகிறது. அறை 34 பாகையில் புழுங்கினால் உள்ளே வெப்பநிலை அதற்குக் கீழே இறங்காது.

விசிறியின் வேகம், அது நிமிடத்துக்கு எத்தனை தரம் சுற்றுகிறது என்று கணக்கிடப்படுகிறது. இதையே ஆர்.பி.எம். என்பார்கள். விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் பொதுவாக இரண்டு மின்துடிப்புகளை ஒரு கம்பி வழியாக மதர்போட்டுக்கு அனுப்பும். மதர்போட் அவற்றை எண்ணி வேகத்தை அறிந்துகொள்ளும். சூடு ஏறினால் வேகத்தைக் கூட்டும், தணிந்தால் குறைக்கும். அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்துத் தீயைத் தணிக்கிறோமே, அது போலத்தான்.

சூடு எல்லை மீறினால் என்ன ஆகும்? பல புரொசெசர்கள் ஏறத்தாழ 100 பாகையை நெருங்கும்போது தம் வேலையை மெதுவாக்கும். அதற்கும் அடங்காவிட்டால் கணனி தானே நின்றுவிடும். அப்படி நிற்பது பெரும்பாலும் தன்னைக் காத்துக்கொள்ளும் செயல். அதை உடனே சாவு என்று எண்ணிவிடக் கூடாது.

இரண்டு எண்களைச் சேர்த்துப் பாருங்கள்

"எத்தனை சுற்று இருந்தால் நல்லது?" என்று கேட்டால் ஒரே விடை கிடையாது. மேசைக் கணனியின் 120 மில்லிமீற்றர் விசிறிக்கு 1,000 சுற்றே போதுமாக இருக்கலாம். மடிக்கணனியின் சிறு விசிறி 4,000 சுற்றைத் தாண்டும். ஒரே விசிறியின் வேகம் இரு மடங்கானால் காற்றும் ஏறத்தாழ இரு மடங்காகும். ஆனால் அதற்குத் தேவையான மின்வலு எட்டு மடங்காகும், சத்தமும் வெகுவாகக் கூடும். ஆகவே வேகத்தைத் தனியே பார்த்துப் பயனில்லை. பயோஸ் திரையில் அருகிலேயே இருக்கும் வெப்பநிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வேகமும் குறைவு, சூடும் குறைவு என்றால் கவலையில்லை.

வேகம் கூடி, சிறிது நேரத்தில் சூடு தணிந்தால் விசிறி தன் கடமையைச் செய்கிறது.

வேகம் கூடியும் சூடு தணியவில்லையென்றால் தகடுகளில் தூசி அடைத்திருக்கலாம், அல்லது புரொசெசருக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள பசை காய்ந்திருக்கலாம்.

சூடு ஏறியும் புரொசெசர் விசிறியின் வேகம் பூச்சியமென்றோ மிகக் குறைவாகவோ காட்டினால் கணனியை உடனே நிறுத்துங்கள். விசிறி பழுதாகியிருக்கலாம், அதன் கம்பி கழன்றிருக்கலாம், அல்லது என்னைப் போல யாரோ வேகத்தைக் குறைத்து வைத்திருக்கலாம்.

தோடு காதிலேயே இருந்தது

எங்கள் தொழிற்பயிற்சி வகுப்பில் கணனி வன்பொருள் படித்த தங்கை ஒருத்தியை அழைத்துக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் போனேன். பயோஸ் திரையில் விசிறி 900 சுற்று, வெப்பநிலை 91 பாகை. நான் மாற்றியதைப் பழையபடி ஆக்கினோம். வேகம் 2,800 ஆக ஏறியது. சூடோ 84 பாகைக்குக் கீழே இறங்க மறுத்தது. "விசிறி நல்லாத்தான் இருக்கு மிஸ். காத்துக்குத்தான் வழியில்ல" என்றாள் தங்கை.

பெட்டியைத் திறந்தோம். கடற்கரை மணற்தூசியும் பஞ்சும் சேர்ந்து தகடுகளை மூடியிருந்தன. வர்ணம் பூசும் தூரிகையால் அதைத் துடைத்தெடுத்தவர் அக்காவேதான். சில நூறு ரூபாவுக்கு வாங்கிய பசையைத் தங்கை புதிதாகப் பூசினாள். மீண்டும் தொடக்கியபோது 1,300 சுற்று, 52 பாகை. இரைச்சலே இல்லை. மதர்போட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

நீங்களும் செய்யலாம்

கணனியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிய பின்பே பெட்டியைத் திறக்க வேண்டும். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுக் கையிலுள்ள நிலைமின்னை நீக்கிக்கொள்ளுங்கள். உலர்ந்த மெல்லிய தூரிகையைப் பயன்படுத்துங்கள், ஈரத்துணி வேண்டாம். காற்று ஊதும்போது விசிறியை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், அது தாறுமாறாகச் சுற்றினால் பழுதாகலாம். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் மின் தங்கியிருக்கும். பசை மாற்றுவதைப் பழகிய ஒருவரின் துணையோடு செய்யுங்கள். கணனியை நிலத்திலோ, மடிக்கணனியை மெத்தையிலோ வைக்காதீர்கள். கரகரவென்று உரசும் சத்தம் கேட்டால் விசிறியின் தாங்கி தேய்ந்திருக்கும். விசிறியை மட்டும் மாற்றினால் போதும்.

சகோதரிகளே, தையல் இயந்திரத்தைக் கழற்றித் துடைத்து, எண்ணெய் விட்டுப் பூட்டும் பெண்கள் எம் கிராமங்களில் எத்தனையோ பேர். அதே கைகள் கணனிப் பெட்டியைத் தொடத் தயங்குகின்றன. அடிப்பது பெண்ணின் வேலை, திறப்பது ஆணின் வேலை என்று யாரோ பிரித்து வைத்ததை நாமும் ஏற்றுக்கொண்டோம். அந்தத் தயக்கத்துக்கு அக்கா கொடுக்கவிருந்த விலை 45,000 ரூபா.

எனக்கும் ஒரு பாடம் கிடைத்தது. முறைப்பாட்டோடு வருபவரின் சத்தத்தை அடக்குவது சுலபம், காரணத்தைத் தேடுவதுதான் வேலை என்று கூட்டங்களில் நானே பேசியிருக்கிறேன். அதை ஒரு விசிறியிடம் மறந்துபோனேன்.

இப்போது அக்கா ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி அந்த இரண்டு எண்களையும் ஒரு கொப்பியில் குறித்து வைக்கிறார். எண் ஏறினால் தூரிகையை எடுக்கிறார்.