இடைத்தேர்தல் காட்டும் உண்மை

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். உறுப்பினர் இறந்தோ விலகியோ ஓர் இடம் காலியாகுங்கால் நடைபெறும் இடைத்தேர்தலையும் பலர் அவ்வாறே கருதுகின்றனர். ஆயின், அது நாட்டின் பதத்தை எவ்வளவு தூரம் காட்டும்? விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடுகளின் வரலாற்றில் இதற்கு விடை காணலாம்.

கென்யா 1963இல் விடுதலை பெற்றது. 1966 ஏப்ரலில் துணை அதிபர் ஒகிங்கா ஒடிங்கா, அதிபர் கென்யாட்டாவுடன் மாறுபட்டுப் பதவியையும் ஆளுங்கட்சியையும் துறந்தார். கென்ய மக்கள் ஒன்றியம் என்னும் புதிய கட்சிக்குத் தலைவரானார். உறுப்பினர் பலர் அவரைப் பின்தொடர்ந்தனர். உடனே அரசியலமைப்பு திருத்தப்பட்டது. கட்சி மாறியவர் பதவி விலகி, மீண்டும் மக்கள்முன் நிற்றல் வேண்டும் என்பது புதிய விதி. இதனால் அவ்வாண்டு ஜூனில், இரு அவைகளிலும் சேர்த்து 29 இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. அதனைச் ‘சிறு பொதுத்தேர்தல்’ என்றே அழைத்தனர்.

ஆளுங்கட்சி 20 இடங்களையும் புதிய கட்சி 9 இடங்களையும் பெற்றன. ஆனால், மொத்த வாக்குகளில் முந்தியது புதிய கட்சியே! அதன் வெற்றிகள் பெரும்பாலும் லுவோ மக்கள் வாழும் நியான்சாப் பகுதியில் குவிந்தன. லுவோ இனத்தவரான ஒடிங்கா அங்கு வென்றார். நிலமற்ற ஏழைகளுக்காக வாதாடிய பில்டாட் காகியாவோ, தம் கிக்குயு மக்களிடையே, கண்டாராத் தொகுதியில் தோற்றார். கொள்கையினும் இனப்பற்று வலிது என்பதை இது காட்டுகிறது. எனினும் அஃது ஒன்றே காரணம் அன்று. எதிர்க்கட்சிக் கூட்டங்களுக்கு அனுமதி மறுத்த அரசின் கையும் அதில் உண்டு. 1969இல் அக்கட்சியே தடை செய்யப்பட்டது.

சாம்பியாவிலும் இதனையொத்த நிகழ்ச்சி உண்டு. முன்னாள் துணை அதிபர் சைமன் கப்வெப்வே புதுக்கட்சி கண்டு, 1971 டிசம்பர் இடைத்தேர்தலில், செப்புச் சுரங்க நகரமான முஃபுலிராவில் வென்றார். அவர் கட்சி பெற்றது அந்த ஓர் இடமே. ஆயினும் 1972 பிப்ரவரியில் அக்கட்சி தடை செய்யப்பட்டது, அவரும் சிறைப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் நாடு ஒரு கட்சி ஆட்சியாயிற்று. ஓர் இடத்தை இழந்ததனால் எந்த அரசும் கவிழ்வதில்லை. அந்த இழப்பு பரவும் என்ற அச்சமே தடைக்கு வித்திட்டது.

பின்னர் 1991இல் இரு நாடுகளும் பல கட்சி முறைக்குத் திரும்பிவிட்டன. அம்முறை வேரூன்றிய கானாவிலும்கூட, 2019 ஜனவரியில் தலைநகர் அக்ராவில் நடந்த இடைத்தேர்தலில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. அதனை ஆராய அரசு விசாரணைக் குழு அமைத்தது.

ஆகவே, இடைத்தேர்தற் செய்தியை வகுப்பில் படிக்கும்போது, வென்றவர் யார் என்பதோடு ஆசிரியர் நின்றுவிடலாகாது. இடம் ஏன் காலியாயிற்று, வாக்குக்கும் இடத்துக்கும் பொருத்தம் உண்டா, தோல்வியை ஆள்வோர் எவ்வாறு ஏற்றனர் என்னும் மூன்று வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். மக்களாட்சியின் உண்மையான பதம் மூன்றாம் வினாவின் விடையில் உள்ளது.