பத்து நிமிட நடைக்குள் ஓர் ஊர்

பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோவது தமிழ்நாட்டில் வளர்ச்சியின் அடையாளமாகிவிட்டது. மதுரைக்கு 1999-ல் மாட்டுத்தாவணி, சென்னைக்கு 2002-ல் கோயம்பேடு, 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம், திருச்சிக்கு 2025 மே மாதம் பஞ்சப்பூர் என்று வரிசை நீள்கிறது. ஒவ்வொரு முறையும் சொல்லப்படும் காரணம் நெரிசல். அது பொய்க் காரணமல்ல. ஆனால் ஒரு பேருந்து நிலையம் நல்லதா என்பதை அதன் ஏக்கர் கணக்கை வைத்தும், ஒரே நேரத்தில் எத்தனை பேருந்து நிற்கும் என்பதை வைத்தும் முடிவு செய்கிறோமே, அங்கேதான் கோளாறு. இறங்கியவர் பத்து நிமிடம் நடந்தால் எங்கெல்லாம் போய்ச் சேரலாம் என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. பெருநகரங்கள் இதைத் தாமதமாகக் கேட்டுவிட்டு, கோடிகளைக் கொட்டி விடை தேடுகின்றன. திண்டுக்கல் சமவெளியில் இருக்கும் எரியோடு போன்ற பேரூராட்சிகள் இப்போதே கேட்டால் பெரிய செலவில்லாமல் விடை கிடைக்கும்.

திருச்சி மத்திய பேருந்து நிலையத்தில் இறங்கியவர் ரயில்வே ஜங்ஷனுக்கு நடந்தே போய்விடலாம். லாட்ஜ், சாப்பாட்டுக் கடை, அலுவலகங்கள் எல்லாம் அந்த நடைக்குள்ளேயே இருக்கின்றன. மதுரை நெடுஞ்சாலையில் பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பஞ்சப்பூரில் இறங்குகிறவர் இன்னொரு பேருந்தோ ஆட்டோவோ பிடித்தாக வேண்டும். மதுரையில் பெரியார் நிலையத்திலிருந்து ஜங்ஷனும் டவுன்ஹால் ரோடும் மீனாட்சியம்மன் கோயிலும் நடை தூரம். மாட்டுத்தாவணியிலிருந்து இவற்றில் ஒன்றுகூட அப்படியில்லை. கிளாம்பாக்கத்தின் கதை இன்னும் விசித்திரம். தாம்பரம்–செங்கல்பட்டு புறநகர் ரயில் பாதை பக்கத்திலேயே ஓடுகிறது. ஆனால் முனையம் திறந்தபோது அங்கே ரயில் நிற்க நிலையம் இல்லை. மெட்ரோவோ 15 கிலோமீட்டருக்கு அப்பால் விமான நிலையத்தோடு நின்றிருந்தது. கட்டடம் முதலில், இணைப்பு பிறகு என்ற வரிசையின் விளைவு இது. அந்த வரிசைக்கான விலையைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்த பயணிதான் கொடுத்தார்.

மத்திய அரசு 2017-ல் வெளியிட்ட போக்குவரத்து சார்ந்த வளர்ச்சிக் கொள்கை, நிலையத்தைச் சுற்றி 500 முதல் 800 மீட்டர் வரை, அதாவது பத்துப் பன்னிரண்டு நிமிட நடையை, அதன் செல்வாக்கு எல்லையாக வைக்கிறது. அந்த எல்லைக்குள் வீடும் கடையும் அலுவலகமும் பள்ளியும் கலந்து நெருக்கமாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 500 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் கிட்டத்தட்ட 194 ஏக்கர் வரும். கிளாம்பாக்கம் முனையம் மட்டும் 88 ஏக்கர். நடந்து எட்டக்கூடிய நிலத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவானதை முனையமே விழுங்கிவிடுகிறது. மிச்சத்தின் குறுக்கே ஜி.எஸ்.டி. சாலை ஓடுகிறது. இப்படிப் பார்த்தால் முனையத்தின் பிரம்மாண்டமே அதன் குறை. கோயம்பேட்டுக்கு வேறு அதிர்ஷ்டம் இருந்தது. 1996-லிருந்தே பக்கத்தில் மொத்த விலைச் சந்தை இருந்தது, 2015-ல் மெட்ரோவும் வந்து சேர்ந்தது. வேலையும் பயணமும் ஒரே இடத்தில் கூடியதால் அந்த இடம் பிழைத்தது.

வீடும் கடையும் கலந்திருப்பது வெளிநாட்டுச் சரக்கல்ல. மதுரையின் மாசி வீதிகளில் கீழே கடை, மேலே வீடு என்பதுதான் வழக்கம். சிற்றூர்களில் பேருந்து நிற்கும் இடத்தைச் சுற்றி டீக்கடை, மெடிக்கல், உரக்கடை, ஜெராக்ஸ் கடை என்று தானாகவே ஒரு கடைத்தெரு முளைக்கிறது. அதற்குப் பின்னாலேயே வீடுகள். இந்த இயல்பைக் கெடுப்பது மனைப்பிரிவுகள். 'பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்தே நிமிடம், டி.டி.சி.பி. அப்ரூவ்டு' என்று விளம்பரத் தட்டி சொல்லும். அந்த ஐந்து நிமிடம் பைக்கில் போகிறவருக்கு. உள்ளே போனால் சாலைகள் போட்டு, எல்லைக்கல் நட்டு, சட்டப்படி பூங்காவுக்கு இடமும் விட்டிருப்பார்கள். ஆனால் பல மனைப்பிரிவுகளில் சாலை தன் எல்லைச் சுவரோடு முடிந்துவிடும். பக்கத்து மனைப்பிரிவுக்கு வழி இருக்காது. குறுக்கே 200 மீட்டரில் இருக்கும் பேருந்து நிறுத்தத்துக்கு மெயின் ரோட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டிவரும். அப்புறம் எல்லாரும் வண்டி வாங்குகிறார்கள். வண்டி பெருகியதும் நெரிசல் என்று பேருந்து நிலையத்தை வெளியே தள்ளுகிறோம்.

வண்டி இல்லாதவர்கள் யார் என்று பார்த்தால் இதன் கனம் புரியும். 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. திண்டுக்கல் மாவட்டத்தின் வேடசந்தூர் சுற்றுவட்டார நூற்பாலைகளில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களில் பெண்கள் ஏராளம். பேருந்துக் கட்டணத்தை அரசு ஏற்கிறது. ஆனால் நிறுத்தத்திலிருந்து வீடுவரை இருக்கும் தூரத்தை யாரும் ஏற்கவில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் அந்த வழியில் நாலு கடை திறந்திருந்து, மாடியில் ஆள் குடியிருந்தால் பயமில்லாமல் நடக்கலாம். அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் நகரங்களைப் பற்றி 1961-ல் எழுதிய நூலில் வாதிட்டதும் இதைத்தான்: தெருவுக்குக் காவல், அங்கே நாள் முழுக்கப் புழங்கும் மனிதர்கள்தான்.

இந்த வெயிலில் யார் நடப்பார்கள் என்று கேட்கலாம். சிங்கப்பூர் வெயிலும் புழுக்கமும் நமக்குக் குறைந்ததல்ல. அங்கே 1822-லேயே கடைவீடுகளின் முன்னால் கூரையிட்ட நடைவழி விட வேண்டும் என்று விதித்தார்கள். 2013-ல் மெட்ரோ நிலையங்களைச் சுற்றி 400 மீட்டர் வரை கூரை நடைபாதைகளை நீட்டிக்கத் திட்டம் கொண்டுவந்தார்கள். தோபாயோவில் ரயிலும் பேருந்து நிலையமும் கடைகளும் அரசு அலுவலகமும் ஒரே இடத்தில், சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள். இதெல்லாம் பணக்கார ஊர்களுக்குத்தான் என்றால், பிரேசிலின் குரிச்சிபா நகரம் 1974-ல் மெட்ரோ இல்லாமல் பேருந்துகளை மட்டும் நம்பித் தொடங்கியது. பேருந்துத் தடத்தை ஒட்டிய நிலத்தில் மட்டும் அடர்த்தியாகக் கட்ட அனுமதி தந்து, ஊர் வளரும் திசையையே பேருந்தின் பின்னால் திருப்பியது.

நிலத்தின் விலை ஏறி ஏழைகள் வெளியேற நேரும் என்ற ஆட்சேபம்தான் வலுவானது. நல்ல நிலையத்தைச் சுற்றி மனை விலை ஏறத்தான் செய்யும். ஆனால் நிலத்தைச் சந்தையிடம் விட்டுவிட்டு ஏழைகளைத் தூரத்துக்கு அனுப்பினால் என்னவாகும் என்பதற்குச் சென்னை கண்ணகி நகரும் பெரும்பாக்கமுமே சாட்சி. நகருக்குள் நடை தூரத்தில் வேலை பார்த்தவர்களில் பலர் வீடு கிடைத்தும் வேலையை இழந்தார்கள். பல பிள்ளைகளின் படிப்பும் இடையில் நின்றது. சிங்கப்பூரில் கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு பேர் அரசு கட்டிய வீடுகளில் இருப்பதால்தான் நிலையத்தருகே சாதாரணக் குடும்பங்கள் வாழ முடிகிறது. ஆகவே நிலையத்தைச் சுற்றியுள்ள அரசு, பேரூராட்சி நிலத்தை வணிக வளாகத்துக்கு மட்டும் ஒதுக்காமல், அதன் மாடிகளில் வாடகை வீடுகளுக்கும் இடம் வைக்க வேண்டும்.

இனி நெரிசல். ஊரைக் கடந்து போகும் நெடுந்தூரப் பேருந்துகளைப் புறவழிச்சாலையில் விடுவதில் தவறில்லை. பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் நகரப் பேருந்தும் மினி பேருந்தும் ஊருக்குள் வந்தே ஆக வேண்டும். அவற்றில் வருகிறவர்களால்தான் கடைத்தெரு பிழைக்கிறது. ஒரு பேருந்தில் ஐம்பது பேர் வருகிறார்கள். அதே ஐம்பது பேர் பைக்கிலும் காரிலும் வந்தால் தெரு எப்படியிருக்கும் என்று கணக்குப் போட்டால், வெளியேற்ற வேண்டியது பேருந்தையல்ல, சாலையோரம் நிறுத்தும் வண்டிகளை என்பது விளங்கும்.

எரியோட்டுக்குப் பேருந்தும் உண்டு. கரூர்–திண்டுக்கல் பாதையில் ரயில் நிலையமும் உண்டு. 1971-ஆம் ஆண்டு நகர ஊரமைப்புச் சட்டம் இப்படிப்பட்ட பகுதிகளுக்கு விரிவான வளர்ச்சித் திட்டம் வகுக்க இடம் தருகிறது. அதில் முதலில் வரைய வேண்டியவை நிறுத்தத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் போகும் நடைவழிகள். அடுத்து, மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்போதே அதன் சாலை பக்கத்து மனையோடு சேர வேண்டும் என்று நிபந்தனை போடலாம். வரைபடத்தில் ஒரு கோடு போட அரசுக்குச் செலவில்லை. அதே இடத்தில் சுவர் எழுந்து, வீடு முளைத்து, பட்டா மாறிய பிறகு அந்தப் பாதையை மீட்க நிலம் கையகப்படுத்த வேண்டும், நீதிமன்றப் படி ஏற வேண்டும். பெருநகரங்கள் இன்று மாட்டிக்கொண்டிருக்கும் இந்தச் சிக்கலில் சிற்றூர்கள் இன்னும் முழுதாகச் சிக்கவில்லை. அவற்றுக்கு இருக்கும் ஒரே அனுகூலம் அது. அடுத்தடுத்து அப்ரூவல் ஆகும் மனைப்பிரிவுகளில் அது கரைந்துகொண்டே போகிறது.