இன்ஜின் மாற்றம் – 3: சம்ப் எந்தப் பக்கம்?

காண்டெஸாவின் பானெட்டைத் திறந்து பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: உள்ளே அவ்வளவு இடம் சும்மா கிடக்கும். நடுவில் அம்பாசிடரிலிருந்து வந்த 1489 சிசி இன்ஜின், சுமார் 50 குதிரைத்திறனோடு, அத்தனை பெரிய உடலை இழுத்துக்கொண்டிருக்கும். இடம் மிச்சமானதற்குக் காரணம் உண்டு. அந்த உடல் இங்கிலாந்தின் வாக்ஸால் கம்பெனியுடையது. அங்கே இதன் உயர்ரக மாடலான வென்டோராவில் 3.3 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின் உட்கார்ந்திருந்தது. பிற்பாடு ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே இசுஸுவின் 1.8 லிட்டர் இன்ஜினையும் ஐந்து கியர் பெட்டியையும் ஏற்றி விற்றபோதுதான் வண்டி தன் தோற்றத்துக்குக் கொஞ்சமாவது பொருந்தி ஓடியது.

இடம் இருந்தால் இன்ஜின் தேர்வு பெரிய தலைவலி இல்லை. இடமே இல்லாத காரில் எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இந்த வாரத்துச் சங்கதி. அதற்கு மஸ்டா மியாட்டாவை விடப் பொருத்தமான வண்டி கிடையாது. 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் ஷோவில் அறிமுகமான இரண்டு சீட்டு ரோட்ஸ்டர். எடை ஒரு டன்னுக்கும் குறைவு. முன்னால் இன்ஜின், பின்சக்கர இழுவை, வளைவில் சொன்னபடி கேட்கும் உடம்பு. குறை ஒன்றுதான்: 1.6 லிட்டர் இன்ஜினின் 116 குதிரைத்திறன் பலருக்குப் பற்றவில்லை. ஆகவே முப்பது வருஷத்துக்கு மேலாக அமெரிக்கப் பட்டறைகளில் அந்தச் சின்ன பானெட்டுக்குள் எதையெல்லாம் திணிக்கலாம் என்று பார்த்துவிட்டார்கள். எதைப் போட்டால் எது உடையும் என்பது வரை பாடமாகிவிட்டது.

இன்ஜின் மாற்ற ஆசைப்படுகிறவர் முதலில் கேட்பது குதிரைத்திறன் எத்தனை என்று. அந்த எண்ணைக் கடைசியாகப் பாருங்கள் என்பேன். முதலில் ஒரு டேப்பும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும். இன்ஜினுக்குக் கீழே ஆயில் தேங்கும் சம்ப் முன்பக்கம் தொங்குகிறதா, பின்பக்கமா? அதற்கு நேர் கீழே குறுக்குச் சட்டம் ஓடுகிறதா? சைலன்சர் குழாய் எந்தப் பக்கம் இறங்குகிறது, ஸ்டியரிங் ராடு எந்தப் பக்கம் வருகிறது? கியர் லீவர் இப்போது இருக்கிற ஓட்டைக்கே வருமா? இதற்கெல்லாம் பதில் தெரியாமல் இன்ஜின் வாங்கியவர்கள் பட்டறையில் வண்டியை வருஷக்கணக்கில் நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

மியாட்டாவில் மிகப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும் யோசனை, செவர்லேயின் எல்எஸ்1 வி8 இன்ஜினை ஏற்றுவது. 1997 கார்வெட்டில் வந்தது, 5.7 லிட்டர், 345 குதிரைத்திறன். 1.6 லிட்டர் இருந்த இடத்தில் 5.7 லிட்டரா? ஆனால் டேப்பை வைத்துப் பார்த்தால் கதை மாறுகிறது. லிட்டர் என்பது சிலிண்டருக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் இடத்தின் கணக்கு. இன்ஜினின் வெளி அளவை அது சொல்லாது. எல்எஸ்ஸில் ஒரே ஒரு கேம் ஷாஃப்ட், அதுவும் பிளாக்கின் நடுவயிற்றில். அங்கிருந்து தள்ளுகம்பிகள் மேலே போய் வால்வைத் திறக்கின்றன. அதனால் சிலிண்டர் ஹெட் ஒல்லியாக இருக்கிறது. அதே காலத்து ஃபோர்டின் 4.6 லிட்டர் வி8-ல், நான்கு கேம் உள்ள வகையைப் பாருங்கள். ஒரு லிட்டருக்கு மேல் சின்னது. ஆனால் ஒவ்வொரு ஹெட்டின் தலையிலும் இரண்டு கேம் சுமப்பதால் அகலம் கண்டபடி விரிந்து, சக்கரக் கூட்டின் சுவரில் முட்டுகிறது. பழைய பாணி என்று ஏளனம் செய்யப்பட்ட தள்ளுகம்பி இன்ஜின், இன்ஜின் மாற்றுகிறவர்களின் உலகத்தில் ராஜாவானது இதனால்தான்.

எல்எஸ்1-ன் பிளாக் அலுமினியம் என்பது இரண்டாவது காரணம். அதே குடும்பத்தில் லாரிகளுக்கும் பிக்கப்புகளுக்கும் செய்த 5.3 லிட்டர், வார்ப்பிரும்புப் பிளாக் இன்ஜின் காயலான் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். வெளி உருவமும் அதேதான். கனமான ஜீப்புக்கு அதைத் தாராளமாகப் போடலாம். மியாட்டாவில் போட்டால் மூக்கு கனத்து, அந்தக் காரை எதற்காக வாங்கினோமோ அந்த வளைவுச் சுகம் போய்விடும். மிச்சம் பிடித்த காசு வண்டியின் குணத்திலிருந்து பிடித்த காசு.

இதற்குப் பிறகுதான் பில் வரும். மியாட்டாவில் கியர்பாக்ஸையும் பின்னாலிருக்கும் டிஃபரன்ஷியலையும் ஓர் அலுமினியச் சட்டம் இறுக்கிப் பிணைத்திருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் நடுவில் தளர்வே இல்லாமல் வண்டி பதில் சொல்வதற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம். வி8-க்கு ஏற்ற ஆறு கியர் பெட்டி வந்தால் அந்தச் சட்டம் கழற்றி எறியப்படும். டிஃபரன்ஷியலைப் பிடித்துவைக்கப் புதிய மவுண்டிங் அடிக்க வேண்டும். டிஃபரன்ஷியலும் பழையது தாங்காது. ஆரம்ப கால 1.6 வண்டிகளில் இருந்த 6 அங்குல கிரௌன் வீல், அதே சின்ன இன்ஜினில் டர்போ பொருத்தினாலே பல்லைக் கொட்டிவிடும். 1994-ல் 1.8 லிட்டர் வந்தபோது மஸ்டாவே அதை 7 அங்குலமாக்கியது. வி8-க்கு அதுவும் போதாது, பெரிய காரிலிருந்து வேறொன்று வர வேண்டும். முன் சப்ஃபிரேம், ரேடியேட்டர், பிரேக், பெட்ரோல் பம்பு, புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். கடைசியில் கூட்டிப் பார்த்தால் இன்ஜினின் விலை அதில் சின்னத் தொகைதான்.

அடுத்த வேட்பாளர் ஹோண்டா. இங்கே ஒரு வேடிக்கை. ஹோண்டாவின் பழைய பி சீரிஸ் இன்ஜின்கள் பெயர்போனவை, ஆனால் மற்ற கார்களின் இன்ஜின் சுற்றுவதற்கு நேர் எதிராகச் சுற்றுபவை. அதை அப்படியே பின்சக்கர வண்டியின் கியர்பாக்ஸில் கோர்த்தால் முன்னே போக ஒரு கியரும் பின்னே போக ஐந்து கியரும் கிடைக்கும். 2001-ல் வந்த கே சீரிஸில் ஹோண்டா சுற்றும் திசையை ஊரோடு ஒத்ததாக மாற்றியது. அந்த ஒரு மாற்றத்தால் சிவிக்குக்கும் சிஆர்வி-க்கும் செய்த இன்ஜின் மியாட்டாவின் கதவைத் தட்டியது. 2.4 லிட்டர் கே24 அலுமினிய பிளாக். வி8 மாதிரி மூக்கில் கனம் ஏற்றாது. மியாட்டாவின் சொந்த கியர்பாக்ஸையே ஓர் அடாப்டர் பிளேட் வைத்து மாட்டலாம், அலுமினியச் சட்டமும் பிழைக்கும்.

கே24 என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிடக் கூடாது. 2004 முதல் 2008 வரை அமெரிக்காவில் ஹோண்டா விற்ற அக்யூரா டிஎஸ்எக்ஸின் கே24, சுமார் 200 குதிரைத்திறன். அதற்குச் சற்று முந்தைய சிஆர்வி-யின் கே24 வெறும் 160. பிளாக் ஒரே ஜாதி, ஹெட் வேறு. சிஆர்வி-யில் கேம் மாற்றும் ஏற்பாடு பெட்ரோல் மிச்சம் பிடிக்க வைத்தது. டிஎஸ்எக்ஸில் மேல் வேகத்தில் மூச்சை இழுத்துவிட வைத்தது. விற்பவர் இரண்டையும் ஒரே பெயரில்தான் சொல்வார்.

இன்னொரு முடிச்சும் உண்டு. சிவிக்கில் குறுக்காகக் கிடந்த இந்த இன்ஜினை நெடுக்காகத் திருப்பினால் சைலன்சர் பக்கம் வலது புறம் வந்து விழும். அமெரிக்காவில் ஸ்டியரிங் இடப்பக்கம், தொல்லையில்லை. ஜப்பான், ஆஸ்திரேலியா, இங்கிலாந்து போல வலப்பக்க ஸ்டியரிங் வண்டியென்றால் கொதிக்கிற குழாயும் ஸ்டியரிங் ராடும் ஒரே சந்தில் வந்து மோதிக்கொள்ளும்; அதற்கென்றே வளைத்த குழாய் வேண்டும். சம்ப்பும் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும், அதற்கும் தனி சம்ப். அமெரிக்கர் ஒருவர் சுலபம் என்று சொன்னதை நம்பி மெல்போர்னில் இருப்பவர் இறங்கினால் மாட்டிக்கொள்வார்.

மூன்றாவது வழி, மஸ்டாவின் சொந்த 1.8. பழைய 1.6-ஐ இறக்கிவிட்டு அதே குடும்பத்து மூத்த பிள்ளையை ஏற்றுவது. மவுண்டிங், கியர்பாக்ஸ் எல்லாம் அநேகமாக அப்படியே பொருந்தும். 2001 மாடலில் வால்வு நேரம் மாறும் வசதி வந்தது; 155 குதிரைத்திறன் என்று மஸ்டா விளம்பரமும் செய்தது. பிறகு உண்மை எண் 142 என்று ஒப்புக்கொண்டு, விரும்பியவர்களிடமிருந்து காரைத் திருப்பி வாங்கிக்கொள்ளவும் முன்வந்தது. கம்பெனி அச்சடித்த குதிரைத்திறன் எண்ணின் யோக்கியதைக்கு இது போதும். இந்த மூன்றாவது வழியில் பெருமையடிக்க எதுவும் இல்லைதான். ஆனால் தினம் ஓட்டுகிற வண்டியென்றால் நான் கை காட்டுவது இதைத்தான்.

எது என்று முடிவானபின், இன்ஜினை மட்டும் வாங்காதீர்கள். முடிந்தால் அடிபட்ட முழு வண்டியையே வாங்குங்கள். சென்னை புதுப்பேட்டையில் பழகியவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்ஜினோடு அதன் ஒயரிங், கம்ப்யூட்டர், ஆக்ஸிலரேட்டர் பெடல், சென்சர், சாவி எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். எல்எஸ் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப இன்ஜின்களில் கிராங்க் சுற்றுவதை எண்ணும் பல்சக்கரத்தில் 24 பல். பிந்தைய தலைமுறையில் 58. ஒன்றின் கம்ப்யூட்டரை மற்றதில் அப்படியே மாட்டினால் இன்ஜின் ஸ்டார்ட்டே ஆகாது. பிந்தைய தலைமுறையில் சில வகைகள் பாதி சிலிண்டரைத் தூங்கவைத்துப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கும். அந்த ஏற்பாட்டின் லிஃப்டர்கள் சீக்கிரம் தேய்வதில் பேர் வாங்கியவை. அத்தகைய இன்ஜினானால் அந்த ஏற்பாட்டைக் கழற்றிப் போடும் செலவையும் இப்போதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

காசு கொடுக்குமுன் ஆயில் மூடியைத் திருகி அடிப்பக்கத்தைப் பாருங்கள். மோர் நுரை போல வெள்ளையாகப் படிந்திருந்தால் தண்ணீர் உள்ளே கலந்திருக்கலாம். பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தால் நிறம் ஒத்துப்போக வேண்டும். கம்ப்ரஷன் பார்க்கும்போது மீட்டர் காட்டும் எண்ணைவிட, சிலிண்டருக்குச் சிலிண்டர் எவ்வளவு வித்தியாசம் என்பதில் கண் இருக்கட்டும்.

சட்டமும் இன்ஜினைத் தேர்ந்தெடுக்கும். கலிஃபோர்னியாவில் ஏற்றுகிற இன்ஜின் வண்டியின் வருஷத்தைவிடப் பழையதாக இருக்கக் கூடாது. அதன் புகைக் கட்டுப்பாட்டுச் சாமான்கள் அத்தனையும் கூடவே வர வேண்டும். ஆகவே 1990 மியாட்டாவில் 1988 ஃபோர்டு இன்ஜின் செல்லாது, 1997-க்குப் பிந்தைய எல்எஸ்1 செல்லும். நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இன்னும் கறார். அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜினை மாற்றவே ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. வேறு இன்ஜின் ஏற்றிய வண்டிக்கு இங்கே இருங்காட்டுக்கோட்டை, செட்டிப்பாளையம் போன்ற ரேஸ் டிராக்குகள்தான் போக்கிடம், அதுவும் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு.

அடுத்த வாரம் கியர்பாக்ஸ்: அடாப்டர் பிளேட்டை லேத்தில் கொடுத்துக் கடைவதா, ரெடிமேடாக வாங்குவதா, ஒரு மில்லிமீட்டர் விலகினால் கிளட்ச்சுக்கு என்ன ஆகும்?